மினிடிவி, டிஜிட்டல்8, எச்டிவி: எந்த கேசட்டில் படம் நன்றாக இருக்கும்?

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து அத்தை ஒரு பிஸ்கட் டின்னை அனுப்பி வைத்தார். திறந்தால் உள்ளே 31 வீடியோ கேசட். பாதி பழைய பாட்டு கேசட் அளவில் இருந்தன, மீதி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒன்றிரண்டில் பேனாவால் ‘காவடி’, ‘அக்கா கல்யாணம்’, ‘ஈஸ்டர் இசிப்பிங்கோ’ என்று எழுதியிருந்தது, மற்றதில் ஒன்றுமில்லை. அத்தை போனில் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏம்ப்பா, இதுல எது நல்ல குவாலிட்டி? அதை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தாப் போதும்.”

டர்பனில் கேமரா வைத்திருந்த எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு டின்னோ ஷூ டப்பாவோ அலமாரி மேல் இருக்கும், இதே கேள்வியும் இருக்கும். சின்ன கேசட் பிறகு வந்தது, அதனால் அதில்தான் படம் நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பெரிய கேசட்டில் டேப் அகலம், அதனால் அதுதான் என்று வேறு சிலர் சொல்வார்கள். ரெண்டும் தப்பு. கேசட் வெறும் பாத்திரம். அதில் என்ன ஊற்றியிருக்கிறது, எந்தக் கேமரா ஊற்றியது என்று பார்த்தால்தான் தரம் தெரியும். அத்தைக்கு போனில் அரைமணி நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் டிவி. தொலைக்காட்சியைச் சொல்லவில்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் இது. சோனி, பானசோனிக், ஜேவிசி, பிலிப்ஸ் என்று பல கம்பெனிகள் சேர்ந்து ஒத்துக்கொண்ட பதிவு முறை, 1995இல் கேமராக்களில் வந்தது. அதைக் கால் அங்குல டேப்பில், குட்டி கேசட்டில் போட்டால் மினிடிவி. அதற்கு முன்னால் வந்த கேசட்டுகளில் படம் அனலாக் அலையாகப் பதிவானது, டிவியில் படம் எண்களாகப் பதிவாகிறது. ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அனலாக்கில் ஒவ்வொரு தடவை காப்பி எடுக்கும்போதும் கொஞ்சம் மங்கும், எண்ணைக் காப்பி எடுத்தால் அதே எண்தான் வரும்.

எத்தனை எண்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி 1976இல்தான் வந்தது, வரும்போதே பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் கலராக வந்தது. அதனால் இங்கே விற்ற கேமராக்கள் எல்லாம் பால். குறுக்கே 720 புள்ளி, மேலிருந்து கீழே 576 வரி, வினாடிக்கு 25 ஃபிரேம். இதை அப்படியே எழுதினால் வினாடிக்குச் சுமார் 124 மெகாபிட் ஆகும், அந்தக் காலத்து டேப் தாங்காது. அதனால் டிவி அதை ஐந்தில் ஒரு பங்காக, 25 மெகாபிட்டாகச் சுருக்குகிறது. சுருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக எடுத்துச் சுருக்குகிறது, முன்னால் என்ன வந்தது பின்னால் என்ன வரும் என்று பார்ப்பதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எச்டிவி என்ற ஹை டெஃபினிஷன் வீடியோவுக்கு வரும்போது இது வேண்டும்.

அந்த 124 மெகாபிட் கணக்கிலேயே ஒரு சிக்கனம் ஒளிந்திருக்கிறது, அது நிறத்தில். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அதனால் பால் டிவியில் வெளிச்சத்தை 720க்கு 576 என்று முழுசாக எழுதிவிட்டு, நிறத்தை மட்டும் 360க்கு 288 என்று நாலு புள்ளிக்கு ஒன்றாக எழுதுகிறார்கள். 4:2:0 என்று எங்கேயாவது பார்த்திருந்தால் அது இதுதான். சாதாரணமாக இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நம் விசேஷங்களில் தெரியும்! அத்தையின் காவடி கேசட்டில் ஒரு ஃபிரேமை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர், பக்கத்தில் குங்குமச் சிவப்புப் புடவையில் ஒரு பெண், பின்னால் நீலமான வானம். வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றும் கூர்மையாக இருக்கிறது, ஏனென்றால் அது வெளிச்சம். சிவப்புப் புடவையின் ஓரம் மட்டும் படிக்கட்டு மாதிரி வெட்டுவெட்டாக வானத்தில் கசிகிறது. டேப் கெட்டுப்போனதால் வந்ததில்லை இது, பதிவான அன்றைக்கே அப்படித்தான். இதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது பாட்டு கேசட் அளவில் இருப்பவற்றுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அந்த 8 மில்லிமீட்டர் கேசட்டில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கலாம். 1985 வாக்கில் வந்த வீடியோ8, 1989இல் வந்த ஹை8, 1999இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8. முதல் இரண்டும் அனலாக். கிடைமட்டமாக எத்தனை நுணுக்கம் தெரியும் என்று வரிக்கணக்கில் சொல்வார்கள், அந்தக் கணக்கில் வீடியோ8 சுமார் 250, ஹை8 சுமார் 400, டிவி சுமார் 500. ஹை8க்கும் டிவிக்கும் இந்த எண்ணில் பெரிய தூரமில்லை. ஆனால் நிறத்தில் இருக்கிறது தூரம். ஹை8இல் சிவப்பு நடுங்கும், ஓரத்தில் வழியும், இருட்டில் புள்ளிப்புள்ளியாகக் கொதிக்கும்.

டிஜிட்டல்8 பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பெரிய கேசட்டில் ஓடுவதால் மினிடிவியைவிட மட்டம் என்று ஒரு பேச்சு அப்போதிலிருந்தே உண்டு. அது உண்மையில்லை. டிஜிட்டல்8 டேப்பில் எழுதுவது அதே டிவி, அதே 25 மெகாபிட், அதே 4:2:0. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு இரண்டு ஃபைலையும் பக்கத்தில் வைத்தால் எது எந்த கேசட்டிலிருந்து வந்தது என்று எண்களை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே எண்ணெயைத் தகரத்தில் ஊற்றினால் என்ன, பாட்டிலில் ஊற்றினால் என்ன. டேப்பை வேகமாக ஓட்டுவதால் 90 நிமிஷ ஹை8 கேசட்டில் டிஜிட்டல்8 ஆக 60 நிமிஷம்தான் பிடிக்க முடியும், வித்தியாசம் அவ்வளவுதான். டேப் அகலமாக இருப்பதில் ஒரு நன்மைகூட உண்டு, அதில் தூசி விழுந்தால் கொஞ்சம் தாங்கும்.

அதே மாதிரிதான் டிவிகேம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பெரிய சோனி கேமராவில் டிவிகேம் என்று போட்டு எடுத்திருப்பார்கள், அது கேட்க உயர்ந்ததாகத் தெரியும். உள்ளே இருக்கும் படம் அதே டிவிதான். டேப்பில் படம் சாய்வான மெல்லிய தடங்களாக எழுதப்படுகிறது, ஒரு பால் ஃபிரேமுக்கு 12 தடம். சாதாரண டிவியில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரோமீட்டர், டிவிகேமில் 15. தடம் அகலமானால் வேறு மெஷினில் போட்டாலும் டேப்பைப் படிக்கும் தலை (ஹெட்) சரியாகத் தடத்தின் மேல் உட்காரும், பிழை குறையும். அதற்கு விலை, 60 நிமிஷ கேசட்டில் 40 நிமிஷம்தான் பிடிக்கும். ஆக டிவிகேம் என்பது பத்திரத்துக்காகக் கொடுத்த விலை, அழகுக்காக இல்லை.

இதற்கு நேர் எதிர் எல்பி. கேமரா மெனுவில் எஸ்பி (டேப் சாதாரண வேகத்தில் ஓடும்), எல்பி (மெதுவாக ஓடும்) என்று இரண்டு இருக்கும். எல்பி போட்டால் 60 நிமிஷ கேசட்டில் 90 நிமிஷம் பிடிக்கும். எண்கள் அதேதான், படத்தின் தரம் ஒரு துளிகூடக் குறையாது, அதனால் எல்பியில் எடுத்தால் என்ன தப்பு என்று தோன்றும். என் அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2002இல் எங்கள் வீட்டு விசேஷங்கள் பூராவையும் எல்பியில் எடுத்து வைத்தார். எல்பியில் தடத்தின் அகலம் 6.7 மைக்ரோமீட்டர், அவ்வளவு மெல்லிய கோட்டை அதை எழுதிய கேமராதான் நம்பிக்கையாகத் திரும்பப் படிக்கும். அந்தக் கேமரா செத்துப்போய்விட்டது. வேறு கேமராவில் போட்டால் ஆயா சமைக்கிற காட்சியில் ஆயாவின் முகத்துக்கு மேலே சதுரம் சதுரமாகப் பழைய ஃபிரேமின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, குரல் விட்டுவிட்டு வருகிறது. நாலு கேமரா மாற்றிப் பார்த்த பிறகு, ஐந்தாவது கேமராவில் ஒரு கேசட் மட்டும் ஓரளவு சுத்தமாக ஓடியது. மற்றதை நான் இன்னும் விடவில்லை.

அந்தச் சதுரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அனலாக் டேப்பில் ஒரு இடம் கெட்டால் வெள்ளைக் கோடு ஓடும். டிவியில் கேமராவே பிழை திருத்தம் செய்து பார்க்கும், முடியாவிட்டால் முந்தைய ஃபிரேமிலிருந்து அந்தச் சதுரத்தை எடுத்து ஒட்டிவிடும். அதனால் சதுரம் தெரிந்தால் படத்தின் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள், அந்த இடத்தைத் தலை படிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். தலையைச் சுத்தம் செய்து திரும்ப ஓட்டினால் பல சமயம் அதே இடம் சரியாக வந்துவிடும். விலை கூடிய டேப் வாங்கினால் படம் நன்றாக வரும் என்று கடையில் சொல்லி விற்றார்களே, அதுவும் இப்படித்தான்: நல்ல டேப்பில் இந்த மாதிரி விட்டுப்போகிற இடங்கள் குறையும், படம் ஒரு புள்ளிகூடக் கூர்மையாகாது.

மைக்ரோஎம்வி என்று ஒன்று 2001இல் சோனி விட்டது, மினிடிவியைவிடச் சின்ன கேசட், எம்பெக்2 என்ற சுருக்கும் முறையில் 12 மெகாபிட். சில வருஷத்தில் நின்றுபோனது. உங்கள் டப்பாவில் அது இருந்தால் அதைப் படிக்கும் கேமராவும் வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், வெளியே கிடைப்பது கஷ்டம்.

இப்போது எச்டிவி. 2003இல் ஜேவிசி, சோனி, கேனான், ஷார்ப் நான்கும் சேர்ந்து கொண்டுவந்தது. கேசட் அதே மினிடிவி கேசட், வேகம் அதே வேகம், 1080 வரி எச்டிவியில் பிட் கணக்கும் அதே 25 மெகாபிட். ஆனால் படம் 1440க்கு 1080. டிவியோடு ஒப்பிட்டால் புள்ளிகள் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மடங்கு. அதே இடத்தில் இவ்வளவு எப்படி அடங்கும்? ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகச் சுருக்குவதை விட்டுவிட்டார்கள். பால் எச்டிவியில் 12 ஃபிரேமை ஒரு கூட்டமாக எடுத்து, அதில் ஒன்றை மட்டும் முழுசாக எழுதி, மற்றதெல்லாம் அதிலிருந்து என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து பழைய கதை சொல்கிற காட்சி எச்டிவியில் பிரமாதமாக இருக்கும். உதடும் கையும்தான் அசைகிறது, பின்னால் சுவர் அப்படியே நிற்கிறது, எழுத வேண்டியது கொஞ்சம், அதனால் தாத்தாவின் மீசை முடியைக்கூட எண்ணலாம். அதே கேமராவைக் காவடி ஊர்வலத்துக்குக் கொண்டுபோனால் கதை வேறு. நூறு மயிலிறகு ஒரே நேரத்தில் ஆடுகிறது, சாம்பிராணிப் புகை, கூட்டம் நகர்கிறது, கேமராவும் நகர்கிறது. எல்லாமே மாறிக்கொண்டிருக்கும்போது ‘என்ன மாறியது’ என்ற குறிப்பு 25 மெகாபிட்டில் அடங்காது, மயிலிறகுகள் குழைந்துபோகும், புகை கட்டிகட்டியாகத் தெரியும். நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன், அப்போதும் அது டிவியைவிடக் கூர்மைதான், ஆனால் எண்ணைப் பார்த்து எதிர்பார்க்கிற அளவுக்கு இருக்காது. இன்னொன்று, டேப்பில் ஒரு இடம் கெட்டால் டிவியில் ஒரு சதுரம் போகும், எச்டிவியில் அந்த 12 ஃபிரேம் கூட்டமே ஆட்டம் காணும். அரை வினாடி படம் உறைந்து நிற்கும், சத்தமும் விட்டுப்போகும்.

எச்டிவியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, இதை மட்டுமாவது தயவுசெய்து மனதில் வையுங்கள். எச்டிவி கேசட்டைச் சாதாரண மினிடிவி கேமராவில் போட்டால் படமே வராது. வெறும் திரை. அத்தையின் டின்னில் இரண்டு கேசட்டின் மேல் சித்தப்பா மகன் ‘காலி’ என்று எழுதி வைத்திருந்தான். என்னிடம் எச்டிவி கேமரா ஒன்று இருக்கிறது, எதற்கும் போட்டுப் பார்ப்போமே என்று போட்டேன். 2008 தைப்பூசம், முழு 60 நிமிஷம், ஆயா வெள்ளை ரவிக்கையும் மஞ்சள் புடவையுமாகப் பால்குடம் எடுக்கிறார். 8 மில்லிமீட்டர் கேசட்டிலும் இதே கதைதான், டிஜிட்டல்8இல் எடுத்ததை ஹை8 கேமரா காட்டாது. ஒரு கேமராவில் வரவில்லை என்பதற்காக எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்துவிடாதீர்கள்.

அப்படியானால் எச்டிவி முதலிடம், டிவி வகைகள் மூன்றும் இரண்டாவது, பிறகு ஹை8, கடைசியில் வீடியோ8 என்று எழுதி முடித்துவிடலாமா? பேப்பரில் சரி, டின்னில் சரியில்லை. கேமராவின் லென்ஸும் சென்சாரும் இந்த வரிசையைக் கலைத்துவிடும். 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000இல் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று சென்சார். பிறகு விலை குறைந்து வீட்டுக்கு வீடு வந்த மினிடிவி கேமராக்களில் பலவற்றில் ஒரே சென்சார், அதுவும் ஆறில் ஒரு அங்குலம். இரண்டும் டேப்பில் எழுதுவது அதே 25 மெகாபிட். வெயிலில் எடுத்தால் வித்தியாசம் கொஞ்சம்தான், ராத்திரி கோயில் மண்டபத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். அத்தை வீட்டில் 2000 வாக்கில் டிஜிட்டல்8இல் எடுத்த கல்யாண வரவேற்பு, ஆறு வருஷம் கழித்துப் புது மினிடிவியில் எடுத்த சீமந்தத்தைவிட நன்றாக இருக்கிறது. காரணம் டேப் இல்லை, முதல் கேமராவின் சென்சார் பெரிசு, அதனால் இருட்டில் கூடுதல் வெளிச்சம் பிடித்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் அதிகம் பார்த்த தரக்குறைவு கேசட்டிலும் இல்லை, கேமராவிலும் இல்லை, காப்பி எடுத்த விதத்தில்தான். சில வருஷம் முன்னால் ஒரு கடையில் எங்கள் மினிடிவி கேசட் ஐந்தைக் கொடுத்து டிவிடியாக வாங்கினேன். மஞ்சள் நிற ஏவி வயரில் கேமராவைச் செருகி எடுத்திருக்கிறார்கள். எண்களாக இருந்த படத்தை அனலாக் அலையாக மாற்றி, அதைத் திரும்ப எண்களாக்கி, இன்னும் இறுக்கமாகச் சுருக்கி, போதாததற்குச் சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிட்டார்கள். நல்லவேளை, கேசட்டைத் திருப்பி வாங்கியிருந்தேன்.

டிவியும் எச்டிவியும் கேமராவிலிருந்து ஃபயர்வயர் என்ற கேபிளில் எடுக்க வேண்டும். சோனி இதை ஐ.லிங்க் என்று சொல்லும். இதில் எடுத்தால் டேப்பில் இருக்கும் எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு வரும், மணிக்கு டிவி சுமார் 13 ஜிபி, எச்டிவி சுமார் 11 ஜிபி. கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கும், அதில் ஏமாறாதீர்கள், பெரும்பாலான மாடல்களில் அது டேப் படத்தைத் தரம் குறைத்துத்தான் அனுப்பும். எச்டிவி கேமராவின் மெனுவில் ஐ.லிங்க் கான்வ் என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எச்டிவியை டிவியாகக் குறைத்து அனுப்பிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஃபயர்வயர் இப்போது புதுக் கம்ப்யூட்டர்களில் இல்லை, 2025இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஆப்பிள் அதன் ஆதரவையே எடுத்துவிட்டது. அதனால் பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தால் விற்காதீர்கள். பேட்டரி கொஞ்சமாவது நிற்கிற லேப்டாப்பாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் லோட் ஷெடிங் என்று மின்வெட்டு வந்தால் பாதியில் போய்விடும்.

ஹை8, வீடியோ8 கேசட்டுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பல டிஜிட்டல்8 கேமராக்கள் அந்த அனலாக் கேசட்டையும் ஓட்டி, ஓடும்போதே டிவியாக மாற்றி ஃபயர்வயரில் அனுப்பும். எல்லா மாடலும் செய்யாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இதனால் ஹை8 படம் டிவி தரத்துக்கு ஏறிவிடாது, இருப்பது மேற்கொண்டு கெடாமல் வந்து சேரும்.

ஏற்றிய பிறகு கம்ப்யூட்டரில் பார்த்தால் கை வீசும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக, வினாடிக்கு 50 தடவை எடுக்கப்பட்டது, பழைய தொலைக்காட்சி அப்படித்தான் காட்டும். விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டால் கோடு போய்விடும். மூல ஃபைலில் கைவைக்காதீர்கள், அதை அப்படியே இரண்டு டிஸ்கில் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாகச் சின்ன காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு நான் சொன்ன பதில்: நல்ல குவாலிட்டி எது என்று பொறுக்க வேண்டாம் அத்தை, கெட்டுப்போகிற வரிசையில் ஏற்றுவோம். முதலில் ஹை8உம் வீடியோ8உம், அப்புறம் டிஜிட்டல்8, ஏனென்றால் அதை ஓட்டும் கேமராக்கள் வேகமாகச் சாகின்றன. அடுத்து எல்பியில் எடுத்தவை, பிறகு எச்டிவி, கடைசியில் எஸ்பியில் எடுத்த மினிடிவி. டர்பன் ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரியும். அப்படி இருப்பதைக் கேமராவில் போடவே கூடாது, தலை கெட்டுவிடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன், நான்கு இருக்கின்றன. மற்றதை ஒவ்வொன்றாக முழுசாக முன்னும் பின்னும் ஒரு தடவை ஓட்டிச் சுற்றிவிட்டுத்தான் பிளே அழுத்துகிறேன். கேமராவில் டியூ என்று எழுத்து மின்னினால் உள்ளே ஈரம் கோத்திருக்கிறது என்று அர்த்தம், கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, அன்றைக்கு அதோடு விட்டுவிடுகிறேன்.